கந்தோர் இருந்த இடம்: கந்தப்பளைக்கும் இராகலைக்கும் நடுவே ஒரு தேடல்

கிடைத்துவிட்டது. இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கும் இராகலைக்கும் நடுவே, பழைய சின்ன ரயில் ஓடிய தடத்தைத் தாண்டி மேலே, காடாகிப் போன தேயிலைக்குள் 18 அடிக்கு 11½ அடியில் ஒரு கருங்கல் அத்திவாரம். ஒரு காலத்தில் அதுதான் உப தபால் கந்தோர், அதாவது சின்னத் தபால் அலுவலகம். சுற்றியிருந்த டிவிசன்களின், அதாவது தோட்டப் பிரிவுகளின், சனங்களுக்குக் கடிதமும் காசுக்கட்டளையும் அங்கிருந்த ஒரே ஒரு ஜன்னல் வழியாகத்தான் வந்திருக்கின்றன. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் அந்த ரூட்டில் ஓடும் பஸ் கொண்டக்டருக்கே தெரியாது.

தோட்டத்தின் பெயரை இதில் எழுதவில்லை. கந்தோருக்கும் அதே பெயர்தான், ஆகவே அதையும் எழுதவில்லை. உறுதிப் பத்திரம் இல்லாத காணியில் லீக்ஸும் கரட்டும் போட்டுப் பிழைக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். யாரோ வந்து அளந்துவிட்டுப் போனான், பிறகு பெயரோடு எழுதினான் என்றால் அவர்களுக்கு ராத்திரியில் தூக்கம் வராது. செய்முறையைச் சொல்லப் பெயர் தேவையும் இல்லை.

எனக்கு இராகலைப் பக்கம் ஒரு சின்னக் கொமினிகேசன் கடை. போட்டோ கொப்பி, ஸ்கேன், படிவம் நிரப்புவது, ரீலோட். விலாசத்தால் வரும் தொல்லைகளைத் தினமும் பார்க்கிற தொழில். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பத்துக் குடும்பம் இருந்தாலும் ஒரே விலாசம்தான். கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. இந்தத் தேடலும் அப்படி ஒரு விலாசத்தில்தான் தொடங்கியது. இந்தியாவில் நீலகிரிப் பக்கம் கோத்தகிரியில் இருந்து ஒரு தங்கச்சி பேசினார். அவருடைய தாத்தா பிறந்த தோட்டம் எது என்று தெரிய வேண்டும். தாத்தாவின் தம்பி குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது, அந்த வீட்டு அம்மாயியிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய கடித உறைகள் இருக்கின்றன, போய்ப் பார்க்க முடியுமா அண்ணா என்று கேட்டார். போனேன். டின்னில் கடிதங்கள் குறைவு, வெறும் உறைகள்தான் அதிகம். யாரோ ஒட்டியிருந்த முத்திரைக்காகச் சேர்த்துவைத்து, முத்திரையைக் கிழிக்காமலே விட்டுவிட்டார்கள். அதுதான் என் அதிர்ஷ்டம்.

உறையின் முன்பக்கம் விலாசம் இப்படி இருக்கும்: சிலோன், கந்தோர் பெயர், தோட்டம், டிவிசன், இன்ன கங்காணி பார்த்து, அவர் மூலமாக இன்னாருக்கு. ஆளின் பெயர் கடைசியில்தான் வரும். சிலதில் கங்காணிக்குப் பதிலாகக் கடைக்காரர் பெயர். தெரு, வீட்டு இலக்கம் எதுவும் கிடையாது. இந்த ‘மூலமாக’ப் பெயர்களை ஒரு கொப்பியில் தனியாக எழுதினேன். பின்னால் அதுதான் அந்த டிவிசனில் யார் யார் குடியிருந்தார்கள் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே பட்டியல் ஆனது.

பின்பக்கம்தான் முக்கியம். அந்தக் காலத்தில் கடிதம் போய்ச்சேர்ந்த கந்தோரிலும் உறையின் பின்னால் ஒரு தேதி முத்திரை குத்துவார்கள். முன்னால் இருப்பது திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து இந்திய முத்திரை. பின்னால் இருப்பது நம் ஊர் முத்திரை. விலாசம் எழுதியவர் கந்தோரின் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஒரே பெயர் நாலு விதமாக வரும். குத்திய முத்திரையில் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அது பாதிக்கு மேல் அழிந்திருக்கும்.

இதை வாசிக்க நான் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். கடையில் உள்ள சாதாரண ஸ்கேனரில் 1200 டிபிஐ, கலரில், இரண்டு பக்கமும் எடுத்தேன். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எல்லாம் வீண். பிறகு கிம்ப் மென்பொருளில் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கூறாகப் பிரிக்க வேண்டும். பழுப்பு உறையும் சிவப்பு முத்திரைத் தாளும் சிவப்புக் கூறில் வெளிறிப் போய்விடும், கறுப்பு மை மட்டும் எழுந்து நிற்கும். முத்திரைக்கு மேலே நீலப் பேனாவால் யாராவது கணக்குப் போட்டிருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் நீலக் கூறைப் பார்க்க வேண்டும், பேனா எழுத்து மங்கிவிடும். மை சுத்தமாகப் போய்விட்ட உறைகளுக்கு இன்னொரு வழி: அறையை இருட்டாக்கி, டோர்ச்சை உறைக்குப் பக்கத்தில் கிட்டத்தட்டப் படுக்க வைத்து அடிப்பது. இரும்பு அச்சால் ஓங்கிக் குத்தியது என்பதால் தாளில் பள்ளம் இருக்கும், நிழலில் எழுத்துத் தெரியும். தபாலதிபர் நல்ல கோபக்காரராக இருந்திருந்தால் இன்னும் சுலபம்.

ஒரு முத்திரையில் இடது பாதி, இன்னொன்றில் வலது பாதி என்று கிடைத்தவற்றை ஒரே வட்டத்துக்குள் சுழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். எழுத்துகள் வட்டத்தின் விளிம்பில் சம இடைவெளியில் இருப்பதால், மையத்தில் இருந்து கோணம் அளந்தால் காணாமல் போனவை எத்தனை எழுத்து என்று சொல்லிவிடலாம். ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 20 பாகை வந்தது. இடையில் 60 பாகை வெறுமை என்றால் மூன்று எழுத்து. இப்படித்தான் பெயர் முழுசாக வந்தது. இன்றைய தபாலகப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

அடுத்தது வரைபடம். பிரிட்டிஷ் காலத்து ஒரு அங்குல வரைபடத்தில், அதாவது ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் நில அளவைத் திணைக்களம் போட்ட தாள்களில், தபால் கந்தோர்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன. நுவரெலியாத் தாளின் ஒரு பிரதி தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, ஒரு மூலையில் தேத்தண்ணிக் கறை. என் ஸ்கேனரில் அது கொள்ளாது, நுவரெலியாவில் பிளான் கொப்பி எடுக்கும் கடையில் கொடுத்து எடுத்தேன். தாளில் நம் கந்தோரின் பெயர் இருந்தது. ஒரு சிறிய சதுரம், பக்கத்தில் தபாலுக்கான எழுத்துகள், அதை ஒட்டி ரயில் பாதை.

அந்த ரயிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1903, 1904இல் நானுஓயாவில் இருந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக இராகலை வரை ஒரு குறுகிய பாதை போட்டார்கள். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான். கொழும்பில் இருந்து பதுளை லைனில் வருகிற இரவுத் தபால் ரயிலில் நானுஓயாவுக்கு வந்த பைகள் இந்தச் சின்ன ரயிலில் ஏறி மலைக்கு வந்தன. தேயிலைப் பெட்டிகள் கீழே போயின. லொறியும் பஸ்ஸும் வந்த பிறகு ரயிலுக்கு வருமானம் இல்லை. 1940களில் மூடித் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். இன்றும் அந்தத் தடம் பல இடத்தில் நடைபாதையாக இருக்கிறது, தண்டவாளத் துண்டுகள் வேலிக் கம்பமாக நிற்கின்றன.

வரைபடத்தை கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றி, இன்றைய செய்மதிப் படத்தோடு பொருத்தினேன். பொருத்தும் புள்ளிகளாகப் பாலங்கள், ரோட்டுச் சந்திகள், இடம் மாறாத பழைய ஸ்டோர்கள் என்ற தேயிலைத் தொழிற்சாலைகள், பீதுருதாலகாலை உச்சி ஆகியவற்றை எடுத்தேன். ஓடைகள் சேரும் இடங்களை எடுக்கவில்லை, மழைக்கு அவை நகர்ந்துவிடுகின்றன. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: தாளின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே போனில் போட்டு நடக்கக் கூடாது. பழைய வரைபடங்கள் கண்டவல என்ற ஆதாரப் புள்ளியை வைத்துக் கணக்கிட்டவை, போனில் உள்ள ஜிபிஎஸ் வேறு கணக்கு. நம் மலைநாட்டில் இரண்டுக்கும் கிழக்கு மேற்காக இருநூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மென்பொருளில் இலங்கைக் கட்டத்துக்கு 5234 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அதுவே மாற்றிக் கொடுத்துவிடும்.

அப்புறம் தாளின் துல்லியம். ஒரு அங்குல வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர். சதுரத்தை வரைந்த பேனாவின் தடிப்பே அரை மில்லிமீட்டர் இருக்கும். தாளும் சுருங்கியிருக்கிறது. ஆகவே ‘இந்த இடம்’ என்று ஒரு புள்ளியைக் குறிக்காமல், நூறு மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு அந்த வட்டத்தைப் போனில் இறக்கிக்கொண்டேன். அங்கே சிக்னல் கிடையாது, முன்கூட்டியே இறக்க வேண்டும்.

வட்டம் கொண்டுபோய் விட்ட இடம் முழுக்க மரக்கறித் தோட்டம். தட்டுத் தட்டாக லீக்ஸ், கரட், ஒரு மூலையில் பீட்ரூட். மண்ணை எத்தனை தடவை புரட்டியிருப்பார்கள்! ஒரு கல்லும் இருந்த இடத்தில் இல்லை. மண் அணைப்புகளுக்குள் சதுரமாகக் கொத்திய கற்கள் சில இருந்தன. எங்கிருந்து வந்தவை என்று யார் சொல்வது? தோட்டக்காரரிடம் கேட்டேன். “மாமா காலத்துல இருந்து இங்க தோட்டந்தான் தம்பி, தபால் கந்தோரு இராகலையிலதான இருக்கு” என்றார். ஒரு கட்டு லீக்ஸ் கொடுத்து அனுப்பினார்.

வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று உறைகளுக்குத் திரும்பினேன். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. வரைபடம் ரயில் ஓடிய காலத்தது. டின்னில் இருந்த உறைகள் எல்லாம் 1950களுக்குப் பிறகு வந்தவை. ரயில் போன பிறகு தபால் பை ரோட்டு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ரயில் தடத்தோரம் கந்தோர் வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. உப தபால் கந்தோர்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டடம் பெரும்பாலும் அரசாங்கத்துடையது கிடையாது, உப தபாலதிபரே ஒரு அறை பார்த்துக்கொள்வார், அல்லது தோட்டம் ஓர் இடம் கொடுக்கும். ஆள் மாறினால் இடமும் மாறும், முத்திரை அச்சு மட்டும் புது இடத்துக்குப் போகும், பெயர் அப்படியே இருக்கும். ஆகவே நான் தேட வேண்டியது இரண்டு இடங்கள். முதலாவது லீக்ஸுக்குக் கீழே போய்விட்டது.

இரண்டாவது எந்த வரைபடத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு ஆள்தான் வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் தப்பால் ஆள் ஒருவர் இருப்பார். காலையில் பூட்டுப் போட்ட தோல் பையோடு கந்தோருக்குப் போய், துரையின் கடிதங்களையும் சனங்களின் கடிதங்களையும் ஆபீசுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. பக்கத்துத் தோட்டத்தில் அப்படி வேலை செய்த தாத்தா ஒருவர் இன்னும் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கூர்மை. பெயர் வேண்டாம் என்றார்.

“கந்தோரு எங்க இருந்துச்சு தாத்தா?”

“மாரியம்மன் கோயில் படிக்கட்டுல ஏறு. மேல தண்ணிப் பீலி இருக்கும், அதுல மொகத்தக் கழுவிக்கிட்டு ஒரு வெத்தலையப் போடு. கார்ட் ரோட்டுல நட. வெத்தலையத் துப்புற எடத்துலதான் கந்தோரு.”

சிரித்துவிட்டுக் கேட்டேன், இப்போது அங்கே என்ன இருக்கிறது? “என்ன இருக்கும், காடுதான். ரெண்டு சைப்பிரஸ் மரம் வச்சிருந்தாங்க. வெட்டலன்னா நிக்கும்.”

வெற்றிலைக் கணக்கைச் சும்மா விடவில்லை. கடைக்கு வருகிற வயசானவர்களைக் கவனித்தேன். போட்டுக் குதப்பித் துப்ப ஏறத்தாழ ஒரு கால் மணி நேரம். பையோடு ஏற்றத்தில் நடக்கிறவர் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போவார் என்று வைத்தால் 750 மீட்டர். கார்ட் ரோட்டு செய்மதிப் படத்தில் மரங்களுக்கு ஊடே மெல்லிய கோடாகத் தெரிந்தது. கோயிலும் இருந்தது, அங்கே இன்னும் பூசை நடக்கிறது. பீலி இருக்கும் இடத்தில் இருந்து கோடு வழியே 750 மீட்டர் அளந்து, முன்னும் பின்னும் 150 மீட்டர் விட்டு, அந்தத் துண்டை மட்டும் தேடுவது என்று முடிவு செய்தேன்.

கூட வந்தது மச்சான். கையில் கொண்டுபோனவை: காட்டுக் கத்தி, 30 மீட்டர் அளவு நாடா, நைலோன் கயிறு, நுனியைக் கூராக்கிய நாலடி இரும்புக் கம்பி, அலவாங்கு, கொப்பி, பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தில் எழுதாது. அட்டை கடிக்காமல் இருக்கச் சவர்க்காரத்தைக் குழைத்துக் கால் முழுக்கப் பூசி, காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டுக் கட்டினோம். உப்பு மூட்டையும் இருந்தது, ஆனால் மழைத் தூறலில் உப்பு கரைந்துபோகிறது, சவர்க்காரம்தான் தாக்குப்பிடித்தது. தோட்டத்து ஆபீசில் முதல் நாளே சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். தோண்டுவதில்லை, எதையும் எடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதை நானே விரும்பித்தான் கொடுத்தேன், புதையல் தேடுகிறார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அவ்வளவுதான்.

கவ்வாத்து இல்லாமல் விட்ட தேயிலையைப் பார்க்காதவர்களுக்கு அது தேயிலை என்று சொன்னால் நம்பிக்கை வராது. இருபது அடி உயரம், தொடை பருமனில் தண்டுகள், மேலே மூடிக்கொண்டு கீழே இருட்டு. சைப்பிரஸ் ஒன்று நின்றது, மற்றதன் அடிக்கட்டை மட்டும். அதைச் சுற்றிக் கத்தியால் வெட்டி, கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தோம். எங்கும் மண்தான்.

உதவியது தேயிலையே. பழைய விதைத் தேயிலையைக் கயிறு பிடித்து நிரை நிரையாக நட்டிருக்கிறார்கள், அங்கே மரத்துக்கு மரம் ஏறத்தாழ நாலடி. காடாகிவிட்டாலும் அடிமரம் நட்ட இடத்தில்தான் நிற்கும். ஒரு நிரையின் வழியே நாடாவைப் பிடித்து, நாலடிக்கு ஒருமுறை மரம் இருக்கிறதா இல்லையா என்று கொப்பியில் கோடு அல்லது வட்டம் போட்டேன். மச்சான் அடுத்த நிரைக்குக் கயிற்றை மாற்றுவார். செத்துப்போன மரங்களால் வரும் வெறுமை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அடுத்தடுத்த நிரைகளில், ஒரே எல்லைக்குள், தொடர்ந்து வட்டங்கள் விழுந்தன. கொப்பியில் பார்த்தால் நீள்சதுரம். சைப்பிரஸில் இருந்து முப்பது அடிகூட இல்லை, முன்பு நாங்கள் குத்திய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்.

அங்கே கம்பி ஆறு அங்குலத்தில் ‘டங்’ என்று நின்றது. இலைச் சருகையும் வேரையும் கையால் ஒதுக்கினோம். கொத்திய கருங்கல், சுண்ணாம்புச் சாந்து. மூலையைப் பிடித்த பிறகு மற்ற மூன்று மூலைகளையும் கம்பியாலேயே பிடித்துவிட்டோம். வெளியளவு 18 அடிக்கு 11 அடி 6 அங்குலம். உள்ளே குறுக்குச் சுவரின் அடி ஒன்று, பெரிய அறை 11 அடி, சின்னது 5 அடி. ரோட்டுப் பக்கம் இரண்டு சீமெந்துப் படி. படிக்கு வலப்பக்கம் சுவர் மட்டும் மூன்றரை அடி உயரத்துக்கு அப்படியே நிற்கிறது, அதன் மேலே ஒரே கல்லில் செய்த ஜன்னல் திண்ணை. திண்ணையின் முன்விளிம்பு நடுவில் வழுவழுவென்று தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கிறது. முழங்கை வைத்து நிற்கிற இடம். ஓரங்களில் உளி கொத்திய தடம் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது, நடுவில் ஒரு முழம் அளவுக்கு மட்டும் உள்ளங்கைக்கு எண்ணெய் தடவினாற்போல் வழுக்குகிறது.

இது லயத்துக் காம்பராவாக இருக்கக் கூடாதா என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. லயம் என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் வரிசையாக ஓடும், தனியாக ஒன்று நிற்காது. ரோட்டைப் பார்த்துத் திண்ணை வைத்த ஜன்னலும் லயத்துக்கு வைக்க மாட்டார்கள். கடையாக இருக்கலாம் என்றால் கடைக்கு இன்னும் அகலமான வாசல் வேண்டும். இதெல்லாம் ஊகம். ஊகத்தைத் தீர்த்தது சின்ன அறையின் மூலையில், சருகுக்கு அடியில் கிடந்த அரக்குத் துண்டுகள். சிவப்பு, நகக்கண் அளவு, ஒன்றில் சணல் நூல் அழுத்திய கோடுகூட இருந்தது. தபால் பையின் வாயைக் கட்டி அரக்கு வைத்து முத்திரை போடுவார்கள், பையைப் பிரிக்கும்போது அது உடைந்து சிதறும். அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே மூடிவிட்டோம்.

படங்களைத் தாத்தாவிடம் கொண்டுபோனேன். போன் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முதலில் என்னைச் சோதித்தார்.

“ஜன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?”

“மேற்கே, தாத்தா. ரோட்டைப் பார்த்து.”

“படிக்கு எந்தக் கைப் பக்கம்?”

“வலது கைப் பக்கம்.”

“அப்ப சரி. மழைக்கு அந்த ஜன்னல்ல நின்னா முதுகு பூராவும் நனையும். ஒரு தகரம் அடிங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். அடிக்கவே இல்ல.”

அவர் சொன்ன சாட்சியம் எனக்குப் போதும்.

கந்தோருக்குக் கீழே நூறு யார் தூரம் தள்ளி லயத்து அடையாளங்களும் இருந்தன. நீளமான மண் மேடு, ஒரு பேரிக்காய் மரம், மரத் தக்காளி, வேலியில் ஏறிய சௌசௌ கொடி. யாரும் நடாமல் அந்த உயரத்துக் காட்டில் இவை மூன்றும் ஒன்றாக நிற்காது. அளக்க நேரமில்லை, படம் மட்டும் எடுத்தோம்.

அந்த லயத்துச் சனங்கள் எங்கே போனார்கள் என்பதற்கு உறைகளிலேயே விடை இருந்தது. 1948இன் பிரசா உரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியவர்களை இரண்டு அரசாங்கங்களும் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பங்குபோட்டன. இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் இருந்து கப்பல் 1984 வரைக்கும் ஓடியது. டின்னில் இருந்த உறைகளைத் தேதிவாரியாக அடுக்கினால் இது கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் எல்லாம் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வருபவை. 1970களில் நீலகிரி முத்திரைகள் தொடங்குகின்றன. திரும்பிப் போனவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியிருந்தது. இங்கே கொழுந்து பறித்தவர்கள் அங்கேயும் கொழுந்து பறித்துக்கொண்டு, இங்கே மிச்சம் இருந்தவர்களுக்கு எழுதியிருக்கிறார்கள். ‘மூலமாக’ப் பட்டியலில் கங்காணிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் கடைக்காரர் ஒருவர் பெயரில் மட்டும் நாலு குடும்பத்துக் கடிதங்கள் வருகின்றன.

ஓர் உறையில் விலாசத்துக்குக் குறுக்கே பென்சிலால், சின்ன எழுத்தில், ‘எல்லாரும் இந்தியா போய்ட்டாங்க’ என்று எழுதியிருக்கிறது. தபாலதிபர் எழுதினாரா, தப்பால் ஆள் எழுதினாரா தெரியாது. திருப்பி அனுப்ப வேண்டிய கடிதம் எப்படியோ அம்மாயி வீட்டு டின்னுக்குள் வந்துவிட்டது. உறை ஒட்டியபடியே இருக்கிறது. நான் பிரிக்கவில்லை, அம்மாயியும் பிரிக்கச் சொல்லவில்லை. பின்பக்கம் நம் கந்தோரின் முத்திரை நல்ல தெளிவாக விழுந்திருக்கிறது. அந்த முத்திரை விழுந்த உறைகளில் தேதியால் கடைசி அதுதான். அதற்குப் பிறகு வந்த கடிதங்களின் பின்னால் இராகலை முத்திரை.

கோத்தகிரித் தங்கச்சிக்குக் கந்தோரின் ஜிபிஎஸ் எண், லயத்து மேட்டின் எண், படங்கள், சேர்த்துவைத்த முத்திரையின் படம் எல்லாவற்றையும் அனுப்பினேன். அவருடைய தாத்தாவின் பெயர் இரண்டு உறைகளில் இருக்கிறது, அதையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். பிறப்புப் பதிவுக்கு இது சான்று ஆகாது, ஆனால் எந்தத் தோட்டத்தின் பெயரில் பதிவைத் தேட வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

செலவுக் கணக்கு: வரைபடம் ஸ்கேன் 1,200 ரூபா. அளவு நாடா 2,600. கயிறு, சவர்க்காரம், உப்பு எல்லாம் சேர்த்து 900. த்ரீவீல் வாடகைதான் அதிகம், மொத்தமாக 9,000 வரை போயிருக்கும், பாதி தூரம் பஸ்ஸில் போயிருந்தால் குறைத்திருக்கலாம். மென்பொருள் இரண்டும் இலவசம். மச்சானுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும்.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். முதலில் உறைகளைத் தேதிவாரியாக அடுக்குவது, பிறகு தப்பால் ஆளையோ அவர் பிள்ளைகளையோ தேடிப் பேசுவது, வரைபடம் கடைசியில். வரைபடத்தை எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எந்த வருசத்துத் தாள் என்பதை. வீடுகளில் கேட்கும்போது ‘பழைய கடிதம் இருக்கா’ என்று கேட்கக் கூடாது, உள்ளே குடும்பத்து விசயம் இருக்கும், தயங்குவார்கள். ‘வெறும் கவர் இருக்கா’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். காட்டுக்குள் போவது பெப்ரவரி, மார்ச்சில், காய்ந்த காலத்தில். நாங்கள் போன மாதத்தில் அட்டை எங்களை விடவில்லை. மரங்களைக் குறிக்கக் கட்டம் போட்ட தாளை முன்கூட்டியே அச்சடித்துக்கொண்டு போவேன், கோடு போட்ட கொப்பியில் நிரைகள் கோணிக்கொண்டு போகின்றன.

டின்னில் இன்னும் வாசிக்க முடியாத முத்திரைகள் சில மீதி. ஒன்று மஸ்கெலியா போலத் தெரிகிறது. பழைய மஸ்கெலியா டவுன் 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, தண்ணீர் நன்றாக வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். கம்பியும் கயிறும் அங்கே வேலைக்கு ஆகாது. தண்ணீர் இறங்கும் காலம் பார்த்துப் போக வேண்டும் என்று மச்சான் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.